ரோஜாக்குக்கு அப்பா கற்றுக்கொடுத்தது

கடைசியாக அப்பாவும் நானும் சேர்ந்து செய்த வேலை, எங்கள் நாய் ரோஜாக்கின் நகங்களை வெட்டியது. வியாழக்கிழமை மாலை, ஆறரை மணி. கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் பழைய பாயை விரித்து அப்பா உட்கார்ந்தார். நாயை மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டார். நான் வெட்டினேன். மொத்தம் பதினெட்டு நகங்கள். ஒவ்வொன்றையும் வெட்டியதும் அதைத் தன் முன்கையில் இழுத்துப் பார்த்தார். வெள்ளைக் கோடு விழுந்தால் அரத்தை என்னிடம் நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் தேய்மா. அவ கைத்தோலு இப்ப பேப்பர் மாதிரி இருக்கு.”

அம்மாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கீறல் பட்டாலும் லேசில் நிற்காது என்று வார்டில் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை அம்மா வீட்டுக்கு வருவதாக இருந்தது.

பதினெட்டாவது நகத்துக்குக் கோடு விழவில்லை. அப்பா முன்கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். “பாஸ் லா,” என்று நாயிடம் சொன்னார். நகத்துண்டுகளைக் கூட்டிப் பழைய செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் போட்டார்.

சனிக்கிழமை மதியம் அப்பா இறந்துவிட்டார்.

அவர் பெயர் வேலாயுதம். வயது அறுபத்தாறு. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். மேருவில் ஒரு கிடங்கில் இருபத்தாறு வருடம் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். அத்தனை வருடத்தில் ஒருவரையும் இடித்ததில்லை. அதை அவர் பெருமையாகச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், “மெதுவா போனா இடிக்காது,” என்பார்.

கிடங்கில் முனை திரும்பும்போது இரண்டு முறை ஹார்ன் அடிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அறையிலிருந்து வெளியே வரும்போது கதவு நிலையில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார். “லோரி வருது, ஒதுங்கு,” என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். தினமும் சொல்வாள். அப்பா தினமும் சிரிப்பார்.

ரோஜாக் அம்மாவின் நாய். அம்மா பெயர் சீதாலெட்சுமி. மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தாள். கையுறையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, ஒழுகுகிறதா என்று பார்க்கும் வேலை. ஏழு வருடத்துக்கு முன் ஒருநாள் வேலை விட்டு வரும்போது சாப்பாட்டுப் பையில் குட்டியைக் கொண்டுவந்தாள். பஸ் நிறுத்தத்தில் கால்வாய்க்குள் கிடந்ததாம். வெள்ளை, பழுப்பு, கறுப்பு எல்லாம் கலந்திருந்ததால், பழமும் காயும் கலந்த ரோஜாக் பண்டத்தின் பெயர். “ஒரு வாரந்தான்,” என்று அப்பா சொன்னார். நான்காம் நாள் கிடங்கிலிருந்து பழைய பலகை வாங்கிவந்து அதற்குப் பெட்டி செய்தார்.

சாயங்காலம் அம்மா கேட்டைத் திறந்ததும் ரோஜாக் தாவும். முன்னங்கால் இரண்டையும் அம்மாவின் தோளில் போட்டு நிற்கும். இருபத்து மூன்று கிலோ. அம்மா கேட்டில் சாய்ந்துகொண்டு தாங்குவாள். வேலையிலிருந்து நின்ற பிறகும், கடைக்குப் போய் வந்தாலே இந்தக் கூத்து நடக்கும். அப்பாவிடமோ என்னிடமோ அது ஒருநாளும் தாவியதில்லை.

மார்ச் மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நான் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி ஓர் அளவுக்கருவிச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். தராசு, அழுத்தமானி, வெப்பமானி இவையெல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுப்போம். அறையை அப்படியே விட்டுவிட்டு கிள்ளான் வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையும் மாலையும் கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போய் வந்தேன்.

ஐந்தாவது வாரம் அம்மாவுக்கு முதல் முழு வாக்கியம் வந்தது. அப்பா மதியம் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

“பேசிட்டா.”

“என்னப்பா சொன்னாங்க?”

“நாய் சாப்புட்டுச்சான்னு கேட்டா.” வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, “என்னைக் கேக்கல லா. நாய கேக்குறா,” என்றார். முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

அம்மாவுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்த பெண் எங்களிடம் தெளிவாகச் சொன்னாள். வீட்டில் தரை வழுக்கக் கூடாது. பாய், கம்பளம் கூடாது. நாய் தள்ளிவிடக் கூடாது. ஒரு தடவை விழுந்தால் இத்தனை வாரம் செய்ததெல்லாம் போய்விடும்.

அப்பாவின் அக்கா நல்லம்மாள் செலாயாங்கில் இருக்கிறார். அடுத்த ஞாயிறே வந்துவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“நாய மேருவுல ஏதாச்சும் பேக்டரியில விட்ரு வேலு. காவலுக்கு நிக்கிற ஜாகாக்காரன் பாத்துக்குவான். அதுக்கும் சோறு கெடைக்கும்.”

“அவ வந்ததும் கேப்பாக்கா.”

“செத்துப்போச்சுன்னு சொல்லு.”

“நான் பொய் சொன்னா அவ கண்டுபுடிச்சிருவா.”

“முப்பத்தஞ்சு வருஷமா அதான ஒன் பிரச்சன.”

அத்தை பையை நாற்காலியில் வைத்தார். “சரி. ஒரு தடவ தாவட்டும். ஒரே ஒரு தடவ. நானே வேன் புடிச்சு ஏத்தி விட்ருவேன்.”

“தாவாது,” என்றார் அப்பா.

பயிற்சி அன்று மாலையே தொடங்கியது. நான் ஒரு அட்டவணை போட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தேதி, எத்தனை ரவுண்டு, எத்தனை தாவல், குறிப்பு, கையெழுத்து. கையெழுத்து என்னுடைய சோதனைக்கூடத்துப் பழக்கம். ஒவ்வொரு நாளின் வரிசைக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவோம்.

அம்மாவாக அப்பா நடித்தார். வார்டில் அம்மா உடுத்திக் கழற்றிய நைட்டியைத் துவைக்காமல் எடுத்துவருவார். அதை பேன்ட்டுக்கு மேல் மாட்டிக்கொள்வார். கோயில் சங்கத்தில் இரவல் வாங்கிய, அவர் ‘தொங்காட்’ என்று சொல்லும் நாலு கால் ஊன்றுகோலை இடது கையில் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்துக் கேட்டுக்குள் வருவார். நாய் அம்மாவின் வாசத்துக்குத் தாவும். அவர் வலது கை முட்டியை மூடி உயர்த்துவார். கிடங்கில் வண்டியை நிறுத்தச் சொல்லும் சைகை அது. தாவினால் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்தால் வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு.

பக்கத்து வீட்டுத் தாமரை ஆன்டி துணி காயப்போட வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணே, நைட்டி நல்லா இருக்கு. எந்தக் கட?”

“ஆஸ்பத்திரியிலேருந்து டைரக்டா வருது தங்கச்சி.”

“சைஸ் பத்தல போல.”

“ஆமா. அடுத்த வாட்டி பெருசா குடுக்கச் சொல்றேன்.”

முதல் நாள் தாவல் ஒன்பது. இரண்டாம் நாள் எட்டு. ஐந்தாம் நாள் மூன்று.

அப்போது அப்பாவுக்கு ஆரத்தி ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளை வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுக்காமல் அத்தை விடமாட்டார். தட்டோடு நிற்கும் அத்தையை எங்கள் யாராலும் நகர்த்த முடியாது. நாய் அந்தத் தட்டை இதுவரை பார்த்ததில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஒரு தடவை முயன்று பார்த்தோம். நாய் பயந்து எகிறியதில் தட்டு என் கையை விட்டுப் போனது. வெள்ளைத் தரையெல்லாம் சிவப்பு. நைட்டியோடு நின்ற அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தட்டையும் சேத்துக்குவோம்,” என்றார்.

அன்று முதல் முறை இப்படி ஆனது. அப்பா கேட்டுக்குள் வருவார். முட்டியை உயர்த்துவார். நாய் உட்காரும். நான் கதவிலிருந்து தட்டோடு வந்து மூன்று சுற்று சுற்றி, கேட் ஓரத்தில் தண்ணீரைக் கொட்டுவேன். அதற்குப் பிறகுதான் ஈரல், அதற்குப் பிறகுதான் நாய் எழுந்திருக்கலாம். பதினோராம் நாள் தாவல் பூச்சியம். அதற்குப் பிறகு எல்லா நாளும் பூச்சியம். தட்டோடு மட்டும் நாற்பத்தாறு ரவுண்டு.

ஒரே புள்ளியில் சோதித்த கருவியை நம்பக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பார்கள். தட்டில்லாமல் ஒரு ரவுண்டுகூட நான் செய்துபார்க்கவில்லை.

குறிப்பு என்ற கட்டத்தில் அப்பா தன் கோணல் எழுத்தில் ஏதாவது எழுதுவார். “மழை.” “பூனை வந்தது.” “தாமரை சிரித்தது, நாய் கவனம் சிதறியது.” பதினைந்தாம் நாளில் இப்படி இருக்கிறது: “நெஞ்சு எரிச்சல். ஒரு ரவுண்டுதான்.”

அதை நான் படித்தேன். முந்தைய இரவு சாப்பிட்ட சார்டின் மீன் சம்பல்தான் காரணம் என்று நினைத்தேன். வேலையில் ஒரு எண் சற்று விலகினாலும் நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். இங்கே அந்த வரிசையின் முடிவில் என் கையெழுத்து இருக்கிறது.

சனிக்கிழமை துவைத்த துணிகளை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு மதியப் பார்வை நேரத்துக்கு அப்பா கிளம்பினார். “வர லேட்டாவும். ஒரு சாமான் வாங்கணும்,” என்றார். என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. அட்டவணையை நோட்டில் சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறார். இடது கையின் நகங்களை வெட்டியிருக்கிறார். இரண்டு மணிக்கு வெளியே வந்து மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் விழுந்தார். உடனே உள்ளே எடுத்துப் போனார்கள். நாற்பது நிமிடம் முயன்றார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால். அம்மாவைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்திருந்தார்கள். அப்பாவின் சட்டையில் மூன்று பொத்தான் திறந்திருந்தது. அம்மா இடது கையால் ஒவ்வொன்றாகப் போட்டாள். நெடுநேரம் ஆனது. யாரும் உதவவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“நாய் சாப்புட்டுச்சா?”

எனக்குக் கோபம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளிடம் இருந்த முழு வாக்கியம் அது ஒன்றுதான் என்பது அடுத்த நாள்தான் எனக்கு உறைத்தது. வேறு எதைச் சொல்ல நினைத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும்.

அப்பாவின் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அடையாள அட்டை, கைப்பேசி, சாவி, சீப்பு, கறுப்பு நிறத்தில் ஏதோ ஒரு ரப்பர் துண்டு. மோட்டார் சைக்கிளில் கழன்றது என்று நினைத்தேன். பையை முடிச்சுப் போட்டு பிரிட்ஜ் மேல் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தகனம். தாமரை ஆன்டி ரோஜாக்கைத் தன் வீட்டுப் பின்பக்கம் கட்டிவைத்தார். அது குரைக்கவில்லை. அம்மாவால் வர முடியவில்லை, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அவள் வீடு திரும்புவது திங்களிலிருந்து வியாழனுக்குத் தள்ளிப்போனது.

அந்த நாட்களில் அத்தை எங்களோடு தங்கினார். அப்பாவின் படத்துக்கு முன் விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டார். புதன்கிழமை நாயைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “நான் சொன்னது சொன்னதுதான். ஒரு தடவ தாவுனா வேன்தான். இப்ப அவள தாங்கிப் புடிக்க ஒங்கப்பனும் இல்ல.”

வியாழக்கிழமை கிராப் வாடகைக் காரில் அம்மாவை அழைத்துவந்தேன். நாய்க்கு நகம் வெட்டிச் சரியாக ஒரு வாரம். அதே ஆறரை மணி. காரிலிருந்து இறக்கி, கதவோரம் நின்ற ஊன்றுகோலை எடுத்துவந்து இடது கையில் கொடுத்தேன். அது ஆடியது. கை நடுங்குகிறது என்று நினைத்தேன். இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அத்தை கதவில் நின்றார், கையில் ஒன்றுமில்லை. சாவு வீட்டில் ஆரத்தி இல்லை.

கேட்டைத் திறந்தேன். ரோஜாக் ஓடிவந்தது. முட்டியை மூடி உயர்த்தினேன்.

உட்கார்ந்தது.

நான் மூச்சு விட்டேன். அம்மா இரண்டு அடி வைத்தாள். நின்றாள். “ரோ,” என்றாள். மீதி வரவில்லை.

நாய் எழுந்திருக்கவில்லை. வால் தரையைப் பெருக்கியது. உடம்பெல்லாம் நடுங்கியது. அம்மாவை ஒரு தரம் பார்த்தது. பிறகு கதவையே பார்த்தது. ஈரல் துண்டை மூக்கருகே நீட்டினேன். வாயைத் திருப்பிக்கொண்டது. “வாடா,” என்றேன். வரவில்லை. அப்பா அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“என்ன இது, பொம்ம மாதிரி ஒக்காந்திருக்கு?” என்றார் அத்தை.

அம்மா நாயைப் பார்த்தபடி நின்றாள். வாய் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது.

“மறந்... துட்டான்.”

பேச்சு வந்ததிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் இல்லை என்று அவள் முடிவு செய்துகொண்டிருந்தாள். நான் அவள் முகத்தில் பார்த்தேன்.

“மறக்கலம்மா. தட்டுக்குக் காத்திருக்கு.” அத்தையிடம் திரும்பினேன். “ஆரத்தித் தண்ணிய கொட்டுனாதான் அத்த எழும்பும். அப்பா அப்படித்தான் பழக்குனாரு.”

“பதினாறு கூட ஆவல. ஒங்கப்பன் படம் உள்ள வெளக்குக்கிட்ட இருக்கு. இவளுக்கு நான் ஆரத்தி சுத்தணுமா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?”

“மஞ்சள் வேணாம். சுண்ணாம்பு வேணாம். வெறுந்தண்ணி.”

அத்தை அசையவில்லை. கேட்டருகே வந்து நின்ற தாமரை ஆன்டியிடம் அம்மாவைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். தட்டு அடுப்படியில் கவிழ்த்தபடி இருந்தது. குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தேன். வெளியே வந்ததும் நாயின் காது நிமிர்ந்தது. நான் சுற்றத் தொடங்கினேன். தண்ணீர் விளிம்பில் சிந்தியது. இந்தத் தட்டுக்கு எதிரில் எப்போதும் நைட்டி போட்ட அப்பா நிற்பார்.

“குடு இங்க.” அத்தை தட்டைப் பிடுங்கினார். “சட்டியில மீ கோரெங் பெரட்டுற மாதிரியா சுத்துவாங்க?”

அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். “நாய்க்குத்தான் சுத்துறேன் சீதா. ஒனக்கில்ல. பாக்கறவங்க கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்.”

மூன்று சுற்று. மெதுவாகச் சுற்றினார். தண்ணீரைக் கேட் ஓரத்தில் கொட்டிவிட்டு, தட்டை மார்போடு பிடித்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

ரோஜாக் எழுந்தது. தாவவில்லை. நடந்து வந்தது. அம்மாவின் வலது கால் செருப்பின்மேல் மோவாயை வைத்துப் படுத்தது. உணர்வில்லாத கால் அது. அம்மா குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் யாரும் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை.

அத்தை வேனைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை. அன்று இரவு நாய்க்குச் சோறு வைத்தது அவர்தான்.

அம்மா கூடத்துக்கு நடந்தபோது ஊன்றுகோல் தரையில் ‘டக்’ என்றது. அடுத்த அடியிலும் டக். நாய் ஒவ்வொரு சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஊன்றுகோலை என் பக்கம் தள்ளினாள்.

“ஆடுது.”

திருப்பிப் பார்த்தேன். நடுங்கியது அவள் கை அல்ல. நான்கு காலில் மூன்றில்தான் ரப்பர் இருந்தது. நான்காவதில் வெறும் அலுமினியம்.

பிரிட்ஜ் மேல் இருந்த பையை இறக்கினேன். முடிச்சை அவிழ்க்க வரவில்லை, கிழித்தேன். கறுப்பு ரப்பர் துண்டு. அதன் குழிக்குள் ஒரு காகிதச் சுருள் இருந்தது, அட்டவணையின் ஓரத்திலிருந்து கிழித்தது. அப்பாவின் கோணல் எழுத்து.

“தொங்காட் ரப்பர். 19 மி.மீ. இதே சைஸ் 4. நழுவாத ரகம்.”

என் அளவுகோலை எடுத்து அளந்திருக்கிறார். மாதிரிக்கு ஒன்றைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஹார்ட்வேர் கடை இருக்கிறது.

பழையதையே மறுபடி மாட்டினேன். அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. மற்ற மூன்றும் அப்படித்தான். கேட் ஓரத்தில் அத்தை கொட்டிய தண்ணீர் இன்னும் காயவில்லை.

நான்கு வாங்க வேண்டும்.